தொட்டி பழகட்டும், பிறகு மீன்!

(உரையின் சுருக்கம்)



மேலூர், திருமங்கலம் பக்கங்களில் வீட்டு முற்றத்திலேயே வண்ணமீன் வளர்த்துச் சிறு வருவாய் தேட விரும்புவோர்க்குச் சில சொற்கள் கூற விழைகிறோம். கப்பி, மோலி முதலிய மீன்களுக்குக் குளம் வேண்டியதில்லை; கண்ணாடித் தொட்டியோ சிமிண்டுத் தொட்டியோ போதும். ஆயினும், இன்று தொட்டி அமைத்து, நாளையே மீன் விட்டு, ஒரு வாரத்திற்குள் அவை செத்து மிதக்கக் கண்டு மனமுடைந்தவர்களை நாம் அறிவோம். “தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது?” என்று அவர்கள் கேட்கின்றனர்.

தெளிந்த நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனின் செவுளைப் புண்ணாக்கும். நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் காரத்தன்மை உடையது, வெயிலும் மிகுதி. இவ்விரண்டும் சேர்ந்தால் நஞ்சின் கடுமை ஏறும்.

இதற்கு மாற்று இயற்கையிலேயே உண்டு. வயலில் இடும் எரு, பயிர் உண்ணும் நைட்ரேட்டாக மாறுகிறதல்லவா? அதனைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890-இல் மண்ணிலிருந்து பிரித்துக் காட்டியவர் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. தொட்டியிலும் இத்தகைய நுண்ணுயிர்களே உழைக்கின்றன. ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இவை பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும்.

குழாய் நீரிலுள்ள குளோரின் இவற்றைக் கொல்லும். ஆகையால் நீரை அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் திறந்து வைத்துப் பின் நிரப்புக. சரளைக்கல்லும் வடிகட்டியும் இட்டு, காற்று இடையறாது செல்லச் செய்க. மீனின்றியே நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி இடுக. பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, நோயற்ற பழைய தொட்டியின் சரளைக்கல் ஒரு கைப்பிடி சேர்த்தால் காலம் குறையும். கடையில் கிடைக்கும் சோதனை மருந்தால் நீரைப் பார்த்து வருக. முதலில் அம்மோனியாவும் அடுத்து நைட்ரைட்டும் ஏறி இறங்கும். இரண்டும் அற்றுப்போன பின்னரே, சில மீன்களை மட்டும் விடுக. வடிகட்டியைத் தொட்டி நீரிலேயே அலசுக. குழாயடியில் கழுவினால் வளர்த்த நுண்ணுயிர் அழியும்.

கடன் வாங்கித் தொட்டி அமைத்தவர் ஒரு மாதம் வெறுந்தொட்டியைப் பார்த்திருத்தல் கடினமே. ஆனால் நாற்றங்காலைப் பண்படுத்தாமல் விதை தெளிக்கும் உழவர் நம்மில் எவருமிலர். அப்பொறுமையை மீன் வளர்ப்பிலும் காட்டுவோமாக!