வானில் பறந்தவர்க்குத் தரையில் வழியில்லையா?

(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



“தமிழ் மன்றத்து மேடையில் வானூர்தியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அது பணம் படைத்தவர் ஊர்தியன்றோ?” என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இன்று நிலை வேறு. துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைத்துக் களைத்துத் திரும்பும் கட்டடத் தொழிலாளியும், மகன் வீட்டிற்குப் போய்த் திரும்பும் மூதாட்டியும், மருத்துவத்திற்காகத் தந்தையைக் கூட்டிச் செல்லும் மகளும் இன்று வானூர்தியில்தான் வருகின்றனர். எளியவர் நுழையும் இடமெல்லாம் தமிழ் நுழைய வேண்டிய இடமே! அங்குத் தமிழ் இல்லையெனில் என்ன நேரும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். அதனைச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

தமிழகத்திற்கு வெளியே ஒரு பெருநகரத்தின் வானூர்தி நிலையம். மதுரை செல்லும் ஊர்திக்காக நான் அங்குக் காத்திருந்தேன். என் அருகில் ஒரு மூதாட்டியார். ஏரல் பக்கத்து ஊரினர். தில்லியில் மகன் வீட்டில் இருந்தவர்க்கு விடியற்காலையில் சாவுச் செய்தி வந்தது. உடன்பிறந்த தம்பி இறந்துவிட்டார். மகனுக்கு விடுப்பு இல்லை. தாய்க்குப் பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்து அனுப்பிவிட்டான். இடையில் அந்நகரத்தில் இறங்கித் தூத்துக்குடிக்கு வேறு ஊர்தி ஏற வேண்டும்.

“தம்பி, தூத்துக்குடிக்குப் போறதை இன்னும் கூப்பிடலியே?” என்று அவர் என்னைக் கேட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். திரையையும் பார்த்தேன். நெஞ்சு திடுக்கிட்டது. ஏறும் வாயிலை மாற்றியிருந்தார்கள். மாற்றத்தைத் திரையில் மட்டும் காட்டினார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் காட்டினார்கள். குரல் கொடுத்து அழைக்கவில்லை. இருவரும் ஓடினோம். எழுபது அகவையைக் கடந்தவர் எவ்வளவு ஓட முடியும்? புதிய வாயிலை அடைந்தபோது கதவு சாத்தப்பட்டிருந்தது. ஊர்தி கண்ணெதிரே நின்றது. ஆனால் ஏற முடியவில்லை. “எப்பவோ திரையில் போட்டாயிற்று” என்பதே கிடைத்த விடை.

தூத்துக்குடிக்கு அன்று வேறு ஊர்தி இல்லை. மதுரை ஊர்தியில் இடம் இருந்தது. மகனிடம் கைப்பேசியில் பேசிச் சீட்டு எடுக்கச் செய்து அவரை என்னுடன் கூட்டி வந்தேன். மதுரையில் இறங்கி மாட்டுத்தாவணிக்குச் சென்றோம். அங்கே கேட்டது ஒரு குரல்: “திருநெல்வேலி, திருநெல்வேலி, திருநெல்வேலி!” பேருந்து நடத்துநரின் குரல். அக்குரலைக் கேட்டதும் அந்த மூதாட்டியார், அதுவரை என் கையைப் பற்றியிருந்தவர், கையை விட்டுவிட்டுத் தாமே நடந்து சென்று ஏறினார். “ஆச்சி, நீங்க இங்கன உக்காருங்க, எறங்க வேண்டிய எடத்துல நான் சொல்லுதேன்” என்றார் நடத்துநர். பல கோடி உருபா செலவில் எழுப்பிய மாளிகையில் கிடைக்காத வழிகாட்டல், ஒரு பேருந்தின் படிக்கட்டில் கிடைத்தது!

மறுநாள் காலையில்தான் அவர் ஊர் சேர்ந்தார். முதல்நாள் பொழுது சாயுமுன்பே தம்பியை எடுத்துவிட்டனர். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தத் திரையில் ‘தூத்துக்குடி’ என்னும் ஒரு சொல் தமிழில் இருந்திருந்தால் போதும். பெருமக்களே, மொழி என்பது பட்டிமன்றப் பொருள் மட்டுமன்று. அது தம்பியின் முகம்!

இதற்கு விதிமுறையே இல்லையா என்றால், உண்டு. அந்தந்த மாநில மொழியில் முதலிலும், பின்னரே இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிக்க வேண்டும் என்று 2018 திசம்பரில் நடுவணரசே வானூர்தி நிலையங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. ‘அமைதி நிலையங்கள்’ என்று சில நிலையங்களுக்குப் பெயரிட்டு, ஏறுகை அறிவிப்பே அங்கு வேண்டியதில்லை என்றாக்கிவிட்டனர். நம் சென்னை நிலையமும் 2022 சூலைத் திங்கள் இறுதியில் அவ்வரிசையில் சேர்ந்தது. இரைச்சல் குறைவது நன்றே. ஆயின் வாயை மூடினால் எழுத்தையேனும் திறக்க வேண்டாவா? தமிழூருக்குப் புறப்படும் ஊர்தியின் பெயர், அது எந்த நகரிலிருந்து புறப்பட்டாலும், தமிழிலும் திரையில் வரவேண்டும். இதில் எவர்க்கும் இழப்பில்லை.

இனி, நம் சிறிய நிலையங்களின் கதைக்கு வருவோம். ‘உதான்’ என்னும் இந்திப் பெயரில் ஒரு திட்டத்தை 2016இல் நடுவணரசு அறிவித்தது. 2017 ஏப்பிரலில் முதல் ஊர்தி சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பறப்பிற்கு 2,500 உருபா அளவில், ஊர்தியின் பாதி இருக்கைகளை எளியவர்க்குத் தருவது. அதனால் நிறுவனத்திற்கு ஏற்படும் பற்றாக்குறையை மூன்றாண்டுகள் அரசு ஈடுசெய்வது. தொடங்கியபோது இதுவே அதன் அமைப்பாக இருந்தது. நோக்கம் நன்று. விளைவு என்ன? 2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற தலைமைக் கணக்காய்வரின் அறிக்கையைப் பாருங்கள். ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அவற்றுள் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுகளை முழுமையாகக் கடந்தவை 112. அதன்பின்னும் 2023 மார்ச்சு வரை தொடர்ந்தவை 54 மட்டுமே!

சேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 1993இல் திறந்த நிலையம். ஆண்டுக்கணக்கில் ஊர்தியின்றிக் கிடந்தது. 2018 மார்ச்சில் இத்திட்டத்தால் உயிர்பெற்றது. பின்னர் மீண்டும் நின்றது. 2023 அக்தோபரில் மறுபடியும் தொடங்கியது. புதுச்சேரியிலும் 2024 மார்ச்சில் நின்ற போக்குவரவு அவ்வாண்டு திசம்பரில்தான் திரும்பியது. ஆகவே, ஒரு சிறிய நிலையத்திற்குச் சென்ற ஆண்டு ஊர்தி இருந்தது என்பதற்காக இவ்வாண்டும் இருக்குமென்று நம்பித் திருமணத்திற்கோ தேர்விற்கோ திட்டமிடல் ஆகாது.

தூத்துக்குடியின் நிலை இவற்றினும் மேலானது. 1992இல் வாகைகுளத்தில் திறந்த அந்நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே இருந்தது. சுழல்விசிறி பூட்டிய சிறிய ஊர்திகளே இறங்க முடியும். 2025 சூலையில் ஏறத்தாழ 450 கோடி உருபாச் செலவிலான புதிய முனையம் திறந்துவைக்கப்பெற்றது. ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டது. மகிழ்ச்சியே! ஆனால் ஓடுபாதை நீண்டதற்கேற்பத் தரைவழி நீண்டதா? திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை அருகிலேயே செல்கிறது. அதில் பேருந்துகளும் ஓடுகின்றன. எனினும், கையில் பெட்டியுடன் சாலையோரம் நின்ற என்னை, இடைநில்லாப் பேருந்துகள் புழுதி எழுப்பிக் கடந்து சென்றன. வாடகை உந்துக்குக் கேட்ட தொகையோ நான் வந்த வானூர்திக் கட்டணத்தில் பெரும் பங்கு! வானத்தில் ஒரு மணி நேரத்தில் வந்தவன் தரையில் ஒரு மணி நேரம் நின்றேன்.

ஆகவே அன்பர்களே, அரசு செய்யும்வரை காத்திராமல், நாமறிந்தவற்றை நம் மக்களுக்குச் சொல்வோம். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: இரண்டு ஊர்தி மாறி வருவோர் இரண்டிற்கும் ஒரே சீட்டாக எடுக்க வேண்டும். தனித்தனியே எடுத்தால், முதல் ஊர்தி காலந்தாழ்ந்து இரண்டாவதை இழந்தவர்க்கு எவரும் பொறுப்பேலார். வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலாளர்க்கு இது மிக இன்றியமையாதது. அங்கே 30 கிலோ வரை இசைவளித்திருப்பர். உள்நாட்டுச் சீட்டைத் தனியே எடுத்தால் பெரும்பாலும் 15 கிலோதான். மிகுதி எடைக்கு, பிள்ளைகளுக்கென்று வாங்கிய பண்டத்தின் விலையையே கட்ட நேரும்.

இரண்டாவது: வெளிநாட்டிலிருந்து வந்து, இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்க ஆய்வு முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ‘பெட்டி ஊர் வந்து சேரும்’ என்று நினைத்து வெறுங்கையுடன் நடந்துவிடலாகாது. இதற்கு மூன்று மணி நேர இடைவெளியேனும் வேண்டும்.

மூன்றாவது: சிறிய நிலையத்தில் நாளொன்றுக்குச் சில ஊர்திகளே. ஒன்று நின்றால் அடுத்தது மறுநாளாகலாம். எனவே உயிர்போகும் அலுவலாயின் முற்பகல் ஊர்தியையே தேர்ந்தெடுங்கள். இறங்கியபின் பிடிக்க வேண்டிய கடைசிப் பேருந்தையோ தொடர்வண்டியையோ நம்பி மாலை ஊர்தியில் ஏறாதீர்கள்.

நான்காவது: அருகிலுள்ள பெரிய நிலையத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு மதுரையும் திருவனந்தபுரமும், சேலத்திற்குக் கோவையும் பெங்களூரும் மாற்று வழிகள். மதுரையில் இறங்குவோர் எந்தப் பேருந்து நிலையம் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும். திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி செல்வோர்க்கு மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவை செல்வோர்க்கு ஆரப்பாளையம். திருச்சியில் 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்தபின் பல வெளியூர்ப் பேருந்துகள் அங்கு மாறிவிட்டன. பழைய நினைவில் நடுவண் பேருந்து நிலையம் சென்று அலையாதீர்கள்.

ஐந்தாவது: உங்கள் உரிமையை அறியுங்கள். குறுந்தொலைவு ஊர்தி இரண்டு மணி நேரத்திற்கு மேல் காலந்தாழ்ந்தால், காத்திருப்போர்க்குச் சிற்றுண்டியும் நீரும் தரவேண்டும். ஆறு மணி நேரத்திற்கு மேல் தாழுமெனில் மாற்று ஊர்தியோ முழுத்தொகையோ கேட்கலாம். நெறிமுறை உண்டு, ஆனால் தமிழில் எழுதித் தொங்கவிடாத உரிமை, தமிழர்க்கு இல்லாத உரிமையே.

இவற்றுடன் நாம் அரசிடம் கேட்க வேண்டியவை மூன்றே. தமிழூர்களுக்குச் செல்லும் ஊர்திகளின் திரையறிவிப்பில் தமிழ் வேண்டும். ஒவ்வொரு சிறிய நிலையத்திலும், ஊர்தி இறங்கும் நேரத்திற்கு ஒரு பேருந்து உள்ளே வந்து நிற்க வேண்டும். அது செல்லும் ஊரும் கட்டணமும் தமிழில் எழுதப்பட வேண்டும். வழிச்செல்வோர் உரிமைகள் தமிழில், முதியோர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில், வாயிலில் இருக்க வேண்டும். இம்மூன்றையும் தமிழிலேயே எழுதி நிலைய இயக்குநர்க்கும், மாவட்ட ஆட்சியர்க்கும், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் அனுப்புங்கள். ஒரு மடல் குப்பைக்குப் போகலாம். ஓராயிரம் மடல் போகாது.

இறுதியாக ஒன்று. பிறரைக் குறைகூறிக்கொண்டே நாமும் வாளாவிருத்தல் ஆகாது. அன்று அந்தக் கூடத்தில் ஆங்கிலம் அறிந்த தமிழர் பலர் இருந்தனர். திரையைப் படித்தனர், தாம் மட்டும் எழுந்து சென்றனர். அருகில் திகைத்திருந்த மூதாட்டியை ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவர் கேட்கும்வரை அவரைக் கேட்கவில்லை! அந்தக் குற்றம் இன்றும் என்னை உறுத்துகிறது. நான் பத்து நிமையம் முன்னர் வாய் திறந்திருந்தால் அவர் தம்பியின் முகத்தைக் கண்டிருப்பார்.

எனவே, இனி எந்த நிலையத்தில் காத்திருந்தாலும், பக்கத்திலுள்ள முதியவரிடம் “நீங்கள் எந்த ஊர் போகிறீர்கள்?” என்று தமிழில் கேளுங்கள். திரைகளில் தமிழ் ஏறும்வரை நாமே தமிழ்த் திரையாவோம்! அறிவிப்பில் தமிழ் ஒலிக்கும்வரை நாமே தமிழ்க் குரலாவோம்!

வாழ்க தமிழ்!