முளை அடிக்குமுன் பேசுவோம்

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



காலைப் பெரட்டுக்கு நிற்பதுபோல் மாலையிலும் நேரம் தவறாமல் வந்திருக்கிறீர்கள். சம்பளம், போனஸ் என்று வழக்கமாகப் பேசும் விஷயங்களை இன்று ஒதுக்கி வைத்துவிட்டு, நாம் குடியிருக்கும் நிலத்தைப் பற்றிப் பேச நிற்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஏழாம் நம்பர் காட்டின் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நிரைக்குப் போகும் வழியில் நாம் எல்லோரும் பார்த்தோம். பார்த்தோம், நடந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காமல் இருந்தவர்களில் முதல் குற்றவாளி நான்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு தோட்டத்தில் இளங்கிராணியாக இருந்தேன். நில அளவைக்காரர்கள் வந்து ஆபீஸ் மேசையில் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். அவர்களுக்குத் தேநீர் வரவழைத்தவன் நான். வருகைப் புத்தகத்தில் பெயர் எழுதியவனும் நான். அந்தப் படத்தில் சாலை இருந்தது, கடைவரிசை இருந்தது, வீட்டு மனைகள் இருந்தன. லயம் இல்லை, மாரியம்மன் கோயில் இல்லை, இடுகாடும் இல்லை. கண் பார்த்தது, வாய் திறக்கவில்லை. கிராணிக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். நோட்டீசு வந்த அன்று, ஆயுள் முழுவதும் அங்கே மரம் சீவிய ஒரு பாட்டி என்னிடம் வந்து, "தம்பி, உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன்.

தோழர்களே! சென்ற மாதம் குடும்ப விசேஷத்துக்காகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். இரண்டு நாள் தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் சுற்றினேன். பூக்கடையும் புடவைக்கடையும் பார்த்துத் திரும்பாமல், இந்த இடம் எப்படித் தப்பி நிற்கிறது என்று விசாரித்தேன். அறிந்ததைச் சொல்கிறேன்.

அந்த வட்டாரத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். சுண்ணாம்புக் காளவாயும் செங்கல் சூளையும் மாட்டுத் தொழுவமும் இருந்த இடம். மலாய்க்காரர்கள் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றார்கள். சீனர்கள் மூங்கில் அடிவாரம் என்ற பொருளில் தேக்கா என்றார்கள். 1915-இல் அங்கே சந்தை எழுந்தது. 1982-இல் பழைய சந்தையை விட்டு எதிர்ப்புறம் புதிய கட்டடத்துக்கு வியாபாரிகளைக் கொண்டுபோனார்கள். அதற்கு மாண்டரின் உச்சரிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். பொருள் அதே மூங்கில் அடிவாரம்தான். ஆனால் மீன் விற்பவரும் கறி வாங்குபவரும் அந்தப் பெயரை வாயில் நுழையவிடவில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் தேக்கா என்றே சொல்லி வந்தார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2000-இல், பெயர்ப் பலகை தேக்கா நிலையம் என்று மாறியது. சிறிய வெற்றிதான். ஆனாலும் மக்கள் நாக்கு ஒன்றாக நின்றால் பலகையே இறங்கி வரும் என்பதற்கு அது சாட்சி.

1989 ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளை இஷ்டப்படி இடிக்க முடியாது. முகப்பு, கூரை, ஐந்தடிப் பாதை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நல்லதுதான். ஆனால் விதி சுவரைக் காக்கிறது, சுவருக்குள் பிழைப்பவனைக் காப்பதில்லை. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் பழைய வியாபாரிகள் குறைந்த வாடகையில் காலம் தள்ளினார்கள். 2001-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் வாடகை சந்தை விலைக்குப் போயிற்று, பழைய தொழில்கள் பல இடம் பெயர்ந்தன. ஆகவே "கோயிலை விட்டுவிடுங்கள், போதும்" என்று மட்டும் கேட்பவர்கள் கோயிலைப் பெறுவார்கள், கும்பிட வருபவர்களை இழப்பார்கள். இதை நாம் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. அந்த வட்டாரம் அங்கே குடியிருப்பவருக்கும் கடைக்காரருக்கும் மட்டும் சொந்தமா? ஞாயிற்றுக்கிழமை தோறும் கட்டுமான வேலைத் தோழர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், புல்வெளியில் உட்கார்ந்து சோறு உண்கிறார்கள். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும் அங்கே கலவரம் மூண்டது. விசாரணைக் குழு அமைந்தது. 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் வாரத்தில் ஒரே நாள் ஓய்வு உள்ளவன் எங்கே உட்காருவது என்பதும் ஊர்த் திட்டத்தின் கேள்விதானே? வாக்கு இல்லாதவனையும் கணக்கில் சேர்ப்பதே நியாயமான திட்டம். நம் தோட்டத்தில் வங்காளதேசத்து, இந்தோனேசியத் தோழர்கள் இருக்கிறார்கள். நம் பட்டியலில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் பொதுமக்கள் திட்டத்தை மாற்றியதுண்டா என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பகுதி நிலம் அரசாங்கத்துடையது. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்து அடுக்குமாடிகள் எழுந்தன. அரசாங்கத்தின் கை ஓங்கிய ஊர். அப்படிப்பட்ட ஊரிலேயே மூன்று கதைகள் உண்டு.

முதலாவது, புலாவ் உபின் தீவில் செக் ஜாவா என்ற கடற்கரை. அதை மண் கொட்டி மேடாக்க முடிவாகியிருந்தது. 2001-இல் இயற்கை ஆர்வலர்கள் நீர் வற்றிய நேரத்தில் சேற்றில் இறங்கி, என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று குறித்தெடுத்து, படத்தோடு அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை ஒத்திவைக்கப்பட்டது. கரை இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, நாம் எல்லோரும் அறிந்த ரயில் பாதை. தஞ்சோங் பாகார் நிலையத்திலிருந்து கடைசி வண்டி 2011 ஜூன் 30-ஆம் தேதி புறப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2010-இல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம், பாதை நெடுகிலும் பசுமை வழியாக விட்டுவைக்கலாம் என்று திட்டம் எழுதிக் கொடுத்துவிட்டது. 24 கிலோமீட்டர் பாதை துண்டு போடப்படாமல் மக்கள் நடக்கும் வழியாக நின்றது.

மூன்றாவது, தோற்ற கதை. புக்கிட் பிரவுன் என்பது 1922-இல் திறந்த சீனர் இடுகாடு. 2011-இல் அதன் நடுவே சாலை என்று அறிவிப்பு வந்தது. அதன்பின் ஆர்வலர்கள் திரண்டார்கள், வாதாடினார்கள். சாலை நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான கல்லறைகள் தோண்டப்பட்டன. தோண்டுமுன் அவற்றைப் பதிவு செய்ய ஏற்பாடானது, அவ்வளவே மிச்சம்.

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வென்றவர்கள் வெறும் கோஷம் போடவில்லை. ஒருவர் கணக்கெடுத்துக் கொண்டு போனார், மற்றவர் மாற்றுத் திட்டம் எழுதிக்கொண்டு போனார். தோற்றவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை, காலம்தான் தாழ்ந்துவிட்டது. பட்டையில் கத்தி ஆழமாக இறங்கியபின் காயம் மரத்தில் நின்றுவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சிங்கப்பூரில் பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். 2025 ஜூனிலும் அப்படி வைத்தார்கள். நம் நாட்டில் இல்லையா? உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம், 172-ஆம் எண், இருக்கிறது. மாவட்ட மன்றம் உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான், வரையும்போது வரைவைப் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் எழுத நான்கு வாரத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். இந்தச் சட்டம் தோட்ட விற்பனையைத் தடுக்காது. உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் எந்த நிலம் வீட்டுக்கு, எது பள்ளிக்கு, எது கோயிலுக்கு, எது இடுகாட்டுக்கு என்று அந்தப் படத்தில்தான் குறிக்கிறார்கள். அதில் இல்லாத லயத்துக்காகப் பிறகு வாதாடுவது எவ்வளவு கடினம் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

நம் தாத்தாமார் நம்மைவிடத் துணிந்தவர்கள். தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுக வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். நம்மிடம் இன்று அவ்வளவு பணம் கேட்கவில்லை. பேனாவும் நான்கு ஞாயிற்றுக்கிழமையும்தான் கேட்கிறேன்.

முதல் ஞாயிறு, லயம் லயமாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுப்போம். எத்தனை பேர், எத்தனை ஆண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை. இரண்டாவது ஞாயிறு, நம் கையாலேயே தோட்டப் படம் வரைவோம். கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, இடுகாடு, தண்ணீர்க் குழாய் ஒன்றும் விடுபடக்கூடாது. இதில் கிராணிமார் ஒதுங்கி நிற்கக் கூடாது, படம் வரைவது நம் வேலை. ஆனால் எதை வரைய வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் தாய்மார்கள். குழாயடி எங்கே ஒழுகுகிறது, பிள்ளை எந்த வழியாய்ப் பள்ளிக்குப் போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது ஞாயிறு, படத்தையும் கணக்கையும் வைத்து ஒரே கடிதம் எழுதிக் கையெழுத்திடுவோம். கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். வேலை முடிந்தால் குடியிருக்க வீடு இந்த வட்டாரத்திலேயே வேண்டும், பள்ளியும் கோயிலும் இடுகாடும் படத்தில் ஏற வேண்டும். நான்காவது ஞாயிறு மீண்டும் இங்கே கூடிக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, மறுநாள் ஐந்து பேர் மாவட்ட மன்றத்துக்குப் போய், ஏழாம் நம்பர் காட்டு முளைகள் யாருடையவை, வரைவுத் திட்டம் எந்த நிலையில் உள்ளது என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வருவோம்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாம் அழவும் வேண்டாம், நேரத்தோடு வாய் திறந்தால் போதும். இந்தத் தோட்டத்தில் எந்தப் பாட்டியும் எந்தக் கிராணியிடமும் "உனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்கும் நாள் வரக்கூடாது. தெரிந்தால் அன்றே எல்லோருக்கும் சொல்லுவோம். இன்று தெரிந்தது அந்த முளைகள். அதனால்தான் இன்று சொன்னேன்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முதல் லயத்து வாசலில் சந்திப்போம்.