பறவை கொணரும் நாய்

வேட்டைநாய் என்றதும் இரையைத் துரத்திப் பாய்ந்து கடித்துக் குதறும் நாயே கேட்போர் மனத்தில் எழும். பிரித்தானியாவின் வயல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் துவக்குக்காரருடன் செல்லும் ரிட்ரீவர் என்னும் நாயின் தொழிலோ முற்றிலும் வேறானது. அது எதனையும் கொல்லுவதற்கு வளர்க்கப்படுவதன்று. வெடிபட்டு விழுந்த பறவையைத் தேடிக் கண்டு, உடல் நசுங்காமல் வாயில் ஏந்திவந்து எசமானின் கையிற் கொடுப்பதே அதன் கடமை.

இக்கடமை வெறும் எடுபிடி வேலை அன்று. வெடிபட்ட பறவை யாவும் உடனே இறந்துவிடுவதில்லை. சிறகு முறிந்த பெசன்ற் கோழி நிலத்தில் விழுந்த மறுகணமே ஓடத் தொடங்கும். முட்புதருக்குள் புகுந்துவிட்டால் மனிதக் கண்ணுக்கு அகப்படாது. பட்டினியாலும் புண்ணாலும் பல நாள் வருந்திச் சாகவும் கூடும். அப்பறவையை விரைவிற் கண்டுபிடித்து அதன் வேதனையை முடிப்பதற்கு நாயின் மூக்கைவிட நல்ல கருவி கிடையாது. வேட்டையை வெறுப்போர்கூட இந்நாயின் பணியை இகழமாட்டார்.

பின்புறத்தால் தோட்டா இடும் துவக்குகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவியபோது, சிறிது நேரத்திற்குள் பல பறவைகளை வீழ்த்துவது எளிதாயிற்று. அவற்றைத் தேடிப் பொறுக்குவதற்கெனத் தனி நாய்களின் தேவையும் பெருகிற்று. நியூபவுண்ட்லாந்து மீனவரின் நீர்நாய்களின் வழிவந்த லப்ரடோர் இனமே இன்று இவற்றுள் பெயர்பெற்றது. அக்காலத்தில் இந்நாய்களைப் பயிற்றுவதற்கு ஆங்கிலத்தில் வழங்கிய சொல் ‘உடைத்தல்’ என்பதாகும். சொல்லே முறையையும் காட்டிவிடுகிறது. சாட்டையே பலருக்கு ஆசானாக இருந்தது. 1848இல் நாய்ப் பயிற்சி பற்றி நூல் எழுதிய ஹட்சின்சன் என்னும் படை அதிகாரி, தலைப்பில் அந்தச் சொல்லையே வைத்திருந்தும், பொறுமையையும் அன்பையும் வற்புறுத்தினார்.

பயிற்சி விளையாட்டாகவே தொடங்குகிறது. இரண்டு மூன்று மாதக் குட்டியை வீட்டின் ஒடுங்கிய நடை ஒன்றிற்குக் கொண்டுபோய், சுருட்டிய காலுறை ஒன்றைச் சிறிது தூரம் எறிவர். குட்டி ஓடிச்சென்று கவ்வும். அதனை எடுத்துக்கொண்டு ஒளிந்தோட விரும்பினாலும் இருபுறமும் சுவர். திரும்பிவரும் வழி ஒன்றே. அப்பொழுது பயிற்றுவோன் குனிந்திருந்து அன்பாக அழைக்க வேண்டும். எழுந்து துரத்துவானாயின், பொருளைக் கவ்விக்கொண்டு ஓடுவதே விளையாட்டு என்று குட்டி கற்றுக்கொள்ளும். வந்த குட்டியின் வாயிலிருந்து வெடுக்கெனப் பறிப்பதும் தவறு. பறிக்கப் பறிக்க அது இறுக்கிக் கடிக்கும். சற்றே தடவிக்கொடுத்து, அது தானாக விடும்போது உள்ளங்கையில் வாங்கிக்கொள்வதே முறை. நான்கு மாதத்திலிருந்து ஏறக்குறைய ஆறு மாதம் வரையில் பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். ஈறு நோகும் அக்காலத்தில் இவ்விளையாட்டை நிறுத்திவிடுதல் நன்று.

ஆறு மாதம் கடந்தபின்னரே முறையான பாடம். இங்கேதான் அவசரக்காரர் பலர் நாயைக் கெடுத்துவிடுகின்றனர். ஓடி எடுத்துவரும் ஆசை நல்ல நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. அதைப் புகட்ட வேண்டியதில்லை. புகட்டவேண்டியது காத்திருத்தல். பொருள் வானில் பறந்து விழும்போது உடல் முழுதும் துடித்தாலும், கட்டளை வரும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையலாகாது. கட்டளைக்கு முன் பாயும் நாய், வெடிக்கத் தயாராக நிற்கும் துவக்கின் முன்னே போய் விழவும் கூடும்.

ஆகவே, கன்வஸ் துணியால் மூடிய ஏறக்குறைய ஒரு இறாத்தல் நிறையுள்ள பொதியை மூன்று முறை எறிந்தால், இருமுறை பயிற்றுவோன் தானே நடந்துசென்று எடுத்துவருவான், நாய் பார்த்துக்கொண்டிருக்கும். விழுவதெல்லாம் தனக்குரியதன்று என்பதை அது இவ்வாறே அறிகிறது. ஒரு நாளில் இரண்டு மூன்று முறைக்குமேல் ஏவாமல், ஆவல் குன்றுமுன்பே பாடத்தை முடிப்பர். நாள் முழுதும் பந்தெறிந்து மகிழும் வீட்டுப் பிள்ளைகளே பயிற்றுவோனுக்குப் பெரும் பகைவர் எனலாம்!

பின்னர்ப் பொதியை நாய் காணாதபடி புல்லுள் மறைத்து, காற்று எதிர்த்து வரும் திசையிலிருந்து ஏவுவர். அப்பொழுதே அது கண்ணை விடுத்து மூக்கை நம்பத் தொடங்கும். வெடியோசையை முதலில் வெகு தூரத்திலிருந்து கேட்கச் செய்து, சிறிது சிறிதாகவே அணுகவேண்டும். காதருகே முதல் வெடியைத் தீர்த்தால் நாய் வாழ்நாள் முழுதும் துவக்குக்கு அஞ்சிப் பயனற்றுப்போகலாம். நீரில் இறக்குவதும் அவ்வாறே; வெதுவெதுப்பான நாளில் ஆழமற்ற கரையிலிருந்து தானாக இறங்கவிட வேண்டுமேயன்றித் தூக்கி எறிதல் கூடாது.

உண்மைப் பறவையைக் கொடுக்கும் நாள் மிக நுட்பமானது. முதற்பறவை இறந்து உடல் குளிர்ந்ததாக, இரத்தம் கசியாததாக இருத்தல் வேண்டும். புறா உகந்ததன்று, அதன் இறகுகள் எளிதிற் கழன்று நாவில் ஒட்டுவதால் இளநாய் அருவருத்து உமிழ்ந்துவிடும். குற்றுயிராக ஓடும் பறவையைத் தொடக்கத்தில் ஒருபோதும் தேடவிடுவதில்லை. சேவலின் கால்முள் ஒருமுறை முகத்தில் கிழித்தால், அடுத்த பறவையை நாய் நெரித்தே பிடிக்கும். அவ்வழக்கம் ஒட்டிக்கொண்டால் நீக்குவது மிகக் கடினம். போட்டிகளில் நடுவர்கள் நாய் கொணர்ந்த பறவையின் விலாவை விரலால் தடவிப் பார்ப்பர். இருபுற விலாவெலும்புகளும் நொறுங்கியிருக்குமாயின், எத்துணை விரைவாகக் கொணர்ந்தாலும் அந்நாய் விலக்கப்படும்.

இத்தனையும் கற்ற நாயை முதன்முறையாக வேட்டைக்கு அழைத்துச் செல்லும் பருவத்தில், அறிந்த பயிற்றுவோர் தம் துவக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வர். பறவையைக் குறிபார்க்கும் கண்ணால் நாயையும் கவனிக்க முடியாது. மற்றவர் வீழ்த்தும் பறவைகள் பல விழுந்தாலும், அன்றைக்கு இளநாய்க்குக் கிடைப்பவை இரண்டோ மூன்றோதான். மற்ற நேரமெல்லாம் அது எசமானின் காலடியில் அமர்ந்து, மூத்த நாய்கள் சென்று மீள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.