வாத்தியம் செய்தவர் பெயரையும் சொல்லுங்கள்



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசிப்பவன். ஆகவே எனக்குத் தெரிந்த பழைய வாத்தியங்களையும், அவற்றால் கிடைத்த நட்புகளையும் பற்றியே பேசுகிறேன்.

என் குருநாதர் கொடுத்த மிருதங்கம் பலாக்கட்டையில் கடைந்தது. நல்ல கனம். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையை மூட்டுவதற்கு அதைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவேன். அங்கே ஒரு பெரியவர், சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தோலில் அப்பி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார். அது காய்ந்தபின்தான் அடுத்த பூச்சு. தேய்க்கத் தேய்க்க, கரணை எனப்படும் அந்தப் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு சரியாக விழாவிட்டால் நாதம் பேசாது. அவசரப்படுத்தினால், “உட்காருங்க தம்பி” என்பார், அவ்வளவுதான்.

வெறும் தோலில் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் கரணை ஏறியதும் அவை சுருதியோடு சேர்ந்துகொள்கின்றன. இதை சர் சி.வி. ராமன் ஆராய்ந்து 1920-இல் எழுதினார். அந்த வித்தையோ தோல் வேலை செய்தவர்களின் கையில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

மிருதங்கக்காரர்களில் முதன்முதலாக சங்கீத கலாநிதி விருது பெற்றவர் பாலக்காடு மணி ஐயர், அது 1966-இல். அவருடைய நாதத்துக்குப் பின்னால் மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்துவின் கை இருந்தது. மணி ஐயர் கேட்ட நாதம் கிடைக்கும்வரை பிரித்துப் பிரித்து மூட்டியவர் அவர். ஆனால் எந்தக் கச்சேரி அழைப்பிதழிலும் வாத்தியம் செய்தவர் பெயரை நான் பார்த்ததில்லை. தோல் தொடும் கை என்று சாதி பார்த்து ஒதுக்கிய சமூகம், அந்தக் கை தந்த நாதத்தை மட்டும் வாங்கிக்கொண்டது. இது நம் சங்கீத உலகம் தீர்க்க வேண்டிய கடன்.

நட்புக்கு வருகிறேன். மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் சமகாலத்துப் பெரும் மிருதங்க வித்வான்கள். இருந்தும் மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பழனி கஞ்சிரா வாசித்தார். பழனி இடக்கைக்காரர் என்பதால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது. அதற்கு இசையாதவர்கள் இருந்த காலத்தில், அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

எனக்கும் ஒரு கட வித்வான் நண்பராக வாய்த்தார். அவர் வாசிப்பது கனமான மானாமதுரைக் கடம். ஒருமுறை தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு நடக்கும்போது என் மிருதங்கத்தின் கரணை உதிர்ந்துவிட்டது. நான் வேறு மிருதங்கத்தை எடுத்துச் சுருதி சேர்க்கும்வரை, அவர் தாளம் பிசகாமல் இரண்டு பேர் வாசிப்பையும் ஒருவராகவே வாசித்தார். பிறகு மோராவுக்கு வரும்படி எனக்குக் கண்ணைக் காட்டினார். அன்று பெரிய கைதட்டல். அது அவருக்கு உரியது.

இன்று பட்டம் பெறுகிறவர்களே, பக்கவாத்தியக்காரர் வாசிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் வாத்தியம் செய்கிறவரின் பட்டறைக்கு நேரில் போங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். நாளை மேடையில் நன்றி சொல்லும்போது குருவின் பெயருக்கு அடுத்து அவர் பெயரையும் சொல்லுங்கள்.