நாசியும் யந்திரமும்



35 ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஐம்புலன்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். மாணவர்களின் கண்களைத் துணியால் கட்டி, ஏலக்காய், பெருங்காயம், இடித்த மிளகு ஆகியவற்றை முகரச் செய்து, இன்னதென்று சொல்லச் சொன்னேன். மிளகின் முறை வந்தபோது ஒரு சிறுவன், “தச்சுப் பட்டறை வாசனை வருகிறது, ஐயா” என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. குறும்பு செய்கிறான் என்று கருதி, மணி அடிக்கும் வரையில் அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். அண்மையில் படித்த ஒரு விஞ்ஞானச் செய்தி அவனை எனக்கு நினைவூட்டியது. அதனையே இன்று சொல்ல விழைகிறேன்.

வாசனை என்பது ஒரு பொருளன்று, ஒரு கூட்டம். வறுத்த காப்பிக்கொட்டையில் ஆவியாகும் பொருள்கள் 800-க்கும் மேல் உண்டு. அவற்றுள் காப்பியின் மணத்தை ஆக்குபவை ஏறத்தாழ 30 மட்டுமே. அந்த முப்பதைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ், மார்ட்டின் என்னும் அறிஞர் இருவர் வாயுமுறைப் பகுப்பை வெளியிட்டனர். திருவிழாக் கடைத்தெருவில் ஒரு வகுப்பு மாணவர்களை ஒருங்கே அனுப்பினால் என்ன ஆகும்? ஒருவன் ஒவ்வொரு கடையிலும் நின்று வேடிக்கை பார்ப்பான். மற்றொருவன் நேரே நடப்பான். தெருக்கோடியை ஒவ்வொருவரும் வெவ்வேறு வேளையில் அடைவர். அவ்வாறே, வாசனைக் கலவையை ஆவியாக்கி, உட்புறம் பூச்சுள்ள நீண்ட மெல்லிய குழாயில் செலுத்தினால், அதிலுள்ள பொருள்கள் தனித்தனியே வெளிவருகின்றன. ஒவ்வொன்றும் வரும்போது யந்திரம் தாளில் ஒரு மேடு வரைகிறது.

ஆனால் யந்திரம் அறிவிப்பது அளவை, மணத்தை அன்று. பெரிய மேடாய் நிற்பது மணமே அற்றதாக இருக்கலாம். மேடே எழுப்பாத அணுவளவுப் பொருள் அறையெங்கும் மணக்கலாம். ஆகவே, குழாயின் முடிவில் ஒரு மனிதரை அமர்த்தி முகரச் செய்யும் முறை பிறந்தது. இதை விளக்கும் கட்டுரை 1964-இல் வெளிவந்தது. குழாயின் முனையில் வரும் ஆவி இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு கருவிக்கு, ஒரு பங்கு நாசிக்கு. நாசி உலர்ந்துவிடாதிருக்க ஈரக் காற்றையும் கலக்கின்றனர். முகர்பவர், “இப்போது பூ மணம், இப்போது கருகல்” என்று நேரத்தோடு குறிக்கிறார். பிறகு கலவையைப் படிப்படியாக நீர்த்துப் போகச் செய்து மீண்டும் மீண்டும் முகர்கின்றனர். இறுதிவரை மறையாத மணம் எதுவோ, அதுவே வலியது. இம்முறையை ஜெர்மனியில் கிராஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980-களில் வகுத்தனர். நாசி இடத்தைக் காட்டும். அங்கே வந்த பொருளின் பெயரையும் அளவையும் கருவி சொல்லும். ஒன்றில்லாமல் மற்றொன்று குறையுடையது.

இனி மிளகுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்னும் திராட்சையின் மதுவில் மிளகு மணம் வீசுவது ஏன் என்று ஆராய்ந்தவர்கள், 2008-இல் ரோட்டண்டோன் என்ற பொருளே காரணம் என்று அறிவித்தனர். முன்னரே கோரைக்கிழங்கில் காணப்பட்ட பொருள் இது. கோரையின் தாவரவியற் பெயரால் வழங்குவது. மிளகிலோ, மிளகு மணம் மிக்க மதுவில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு இருந்தது! ஒரு லிட்டர் நீரில் 8 நானோகிராம் இருந்தாலே நாசி அதை உணரும். ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோகிராம். உலகமே விலைகொடுத்து வாங்கிய மிளகின் தனி மணத்துக்குரிய பொருள் எதுவென்பது, 2008 வரையில் அறியப்படாமலே இருந்தது!

இதனினும் வியப்பானது ஒன்று. முகர்ந்து பார்த்தவர்களுள் ஐவரில் ஒருவருக்கு இம்மணம் தெரியவே இல்லை. அளவை 500 மடங்கு உயர்த்தி 4,000 நானோகிராம் ஆக்கியும், வெறும் நீரில் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். பிற மணங்களை நன்கு அறிபவர்களுக்கும் ஒரு மணம் மட்டும் எட்டாதிருக்கலாம். எனவேதான், ஒரே நாசியை நம்பாமல் பலரை முகரச் செய்வது இவ்வாராய்ச்சியில் நல்வழக்கம்.

மிளகில் பைனீன் என்ற பொருளும் உண்டு. வார்னிஷில் கலக்கும் டர்பன்டைனில் மிகுதியாக இருப்பது அதுவே. ரோட்டண்டோன் எட்டாத ஒரு நாசி, மிளகில் தச்சுப் பட்டறையை முகர்ந்தால் அதில் வியப்பென்ன? அச்சிறுவன் அத்தகையவன்தானா என்று இன்று சோதித்தறிய எனக்கு வழியில்லை. ஆனால் அன்று வழி இருந்தது. மற்றொரு முறை முகரச் செய்து, “வேறு என்ன தெரிகிறது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

யந்திரத்துக்கு அருகே மனிதரை அமர்த்தி, அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதிக்கொள்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். வகுப்பறையில் நான் செய்யத் தவறியது அதுதான். இன்று எங்கோ நடுத்தர வயதினனாக இருக்கும் அம்மாணவன் இதைக் கேட்க நேர்ந்தால், அவனுடைய பழைய ஆசிரியனைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.