கோட்டைக்கு ஒரு ஓட்டு, டெல்லிக்கு ஒரு ஓட்டு



2024 ஜூன் 4ஆம் தேதி வாக்குகளை எண்ணி முடித்தபோது தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளும் திமுக கூட்டணியின் கையில் இருந்தன. வரைபடத்தில் ஒரே நிறம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த மாநிலத்தில் எதிர்க்கட்சி என்று ஒன்று உண்டா என்று கேட்டிருக்கலாம். ஆனால் 2014இல் இதே வரைபடத்தில் 37 தொகுதிகள் அதிமுகவின் நிறத்தில் இருந்தன. அதற்கும் முன்னால், 2004இல், 39க்கு 39 மறுபடி திமுக அணிக்கு. மொத்தமாகக் கொடுப்பதும் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வதும் நம் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்படியானால் நம்மிடம் இருப்பது ஒரே கட்சியின் ஆதிக்கமா, அப்படி ஒரு தோற்றமா? சென்னையில் உட்கார்ந்து இதற்குப் பதில் தேடுவதைவிட, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, ஜிஎஸ்டி சாலையில் நாற்பது கிலோமீட்டர் போலக் கிடக்கும் பூமியில் தேடலாம் என்று நினைக்கிறேன். காரணம் இருக்கிறது.

1952இல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். நாடே காங்கிரஸ். மக்களவையின் 489 இடங்களில் 364 அந்தக் கட்சிக்கு. அந்த நேரத்தில் திண்டிவனம் என்ன செய்தது தெரியுமா? அப்போது அது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொதுவில் ஒருவர், பட்டியல் சாதியிலிருந்து ஒருவர் என இரண்டு எம்பிக்களை அனுப்ப வேண்டும். இரண்டு இடங்களையும் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்குக் கொடுத்துவிட்டது. எஸ்.எஸ்.இராமசாமி படையாட்சியார் தொடங்கிய கட்சி அது. தென்னார்க்காட்டு வன்னியர்களும் மற்ற உழைக்கும் மக்களும் அதன் பலம். சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 19 பேர், டெல்லிக்கு 4 பேர் அந்தக் கட்சியிலிருந்து போனார்கள். மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. நாடு முழுக்கக் கொடி பறந்த கட்சிக்கு இங்கே பெரும்பான்மை இல்லை.

பிறகு நடந்ததைத்தான் கவனமாகக் கேட்க வேண்டும். ராஜாஜி முதலமைச்சரானார். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் படையாட்சியாரும் அமைச்சரவைக்குள் வந்தார். கட்சி காங்கிரசில் கரைந்தது. எதிர்த்து நின்றவரைத் தோற்கடிப்பது ஒரு வழி. உள்ளே அழைத்து நாற்காலி போடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் கைதேர்ந்த கட்சிதான் நீண்ட நாள் ஆளும். 1980இலும் 1984இலும் அதே படையாட்சியார் அதே திண்டிவனத்திலிருந்து மக்களவைக்குப் போனார், காங்கிரஸ் வேட்பாளராக. காங்கிரசை முதலில் அசைத்துப் பார்த்தவரே அதன் எம்பி ஆனார்.

ஆனால் எல்லோரும் கரையவில்லை. விழுப்புரம் வட்டாரத்திலிருந்து உழைப்பாளர் கட்சி சார்பில் சட்டமன்றம் போன ஏ.கோவிந்தசாமி, காங்கிரஸ் பக்கம் போகாமல் அண்ணாவின் பக்கம் வந்தார். 1957இல் திமுக முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது அதற்குச் சொந்தச் சின்னம் கிடையாது. உழைப்பாளர் கட்சியினரிடம் இருந்த உதயசூரியனைக் கோவிந்தசாமிதான் திமுகவுக்குத் தந்தார் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் அவர் இருந்தார். ஆக, இன்று 39க்கு 39 என்று எழுதப்படும் சின்னம், ஒருகாலத்தில் வேறொரு கட்சியின் ஏகபோகத்தை எதிர்த்து இந்த மண்ணில் கிளம்பிய சின்னம். எனக்கு இது சுவையான விஷயம்.

சரி, வாக்காளர் பக்கம் வருவோம். நம்மவர்கள் எம்பி எலெக்‌ஷனையும் எம்எல்ஏ எலெக்‌ஷனையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. இதற்கு இரண்டு சாட்சிகள்.

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல். இந்திராகாந்தியின் காங்கிரசும் திமுகவும் சேர்ந்து நின்று 39இல் 37 தொகுதிகளை எடுத்துக்கொண்டன. கோட்டையில் ஆண்டுகொண்டிருந்த எம்.ஜி.ஆருக்கு இரண்டே இரண்டு. மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லி பிப்ரவரியில் அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதிமுக 129 இடங்களோடு திரும்பி வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் அதே ஆட்கள்தான். நடுவில் ஓடியது ஐந்து மாதங்களுக்கும் சற்றே குறைவு.

இரண்டாவது சாட்சி இதையும் மிஞ்சும். 1989 ஜனவரியில் திமுக 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது. அதிமுக அப்போது இரண்டாக உடைந்து கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் மக்களவைத் தேர்தல். அதற்குள் அதிமுக ஒன்றாகி, காங்கிரசோடு கைகோத்துவிட்டது. இருவரும் சேர்ந்து 38. ஆளுங்கட்சியான திமுகவுக்குப் பூஜ்யம். திண்டிவனத்தில் காங்கிரஸ் வென்றது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாக்காளர் மனம் மாறினார் என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. 2024இல் திமுக கூட்டணி வாங்கியது நூற்றுக்குச் சுமார் 47 ஓட்டு. அதிமுக அணிக்கு 23 போல, பாஜக அணிக்கு 18 போல, நாம் தமிழருக்கு 8. மற்றவர்கள் மூன்று திசையில் பிரிந்து நிற்க, 47 ஓட்டு நூறு சதவீத இடங்களாக மாறிவிட்டது. முதலில் வருபவருக்கே முழுப் பரிசு என்கிற நம் தேர்தல் முறையின் வேலை இது. தேர்தலின் முக்கால்வாசி முடிவு, ஓட்டுப்பதிவுக்கு முன்னால் தொகுதிப் பங்கீடு பேசும் அறையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் கணிப்பு. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் திண்டிவனம் பக்கத்துத் தைலாபுரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பாமக நிறுவனர் இராமதாஸ் வசிக்கும் இடம் அது.

வன்னியர் சங்கம், 1987 செப்டம்பரின் சாலை மறியல், துப்பாக்கிச் சூட்டில் போன 21 உயிர்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு, 1989இல் பாமக என்று அந்தக் கதை தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டியது. இன்னொரு பக்கம் விடுதலைச் சிறுத்தைகள். விழுப்புரம் மக்களவைத் தொகுதி இப்போது தனித் தொகுதி. 2019இல் அந்தக் கட்சியின் ரவிக்குமார் உதயசூரியன் சின்னத்தில் நின்று, லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 2024இல் பானைச் சின்னத்திலேயே நின்று வென்றார். விழுப்புரமும் சிதம்பரமும் தந்த வெற்றிதான் அந்தக் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரத்தை வாங்கிக் கொடுத்தது. ஆதிக்கம் செய்வதாகச் சொல்லப்படும் கட்சி இந்தத் தொகுதியில் 2024இல் தன் சின்னத்தையே வைக்கவில்லை, பாருங்கள்!

மாநிலம் முழுக்க ஒரே நிறம் பூசியிருந்தாலும் கிட்டே போனால் விரிசல் தெரியும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக ஆட்சியைத் தக்கவைத்தது. விழுப்புரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மூன்று அதிமுகவுக்கு, மூன்று திமுகவுக்கு. திண்டிவனத்தில் திமுகவின் சீத்தாபதி வென்றது 101 ஓட்டு வித்தியாசத்தில். ஒரு கல்யாணப் பந்திக்கு உட்காரும் கூட்டம்! அடுத்த 2021 தேர்தலில் மாநிலம் திமுக பக்கம் திரும்பியபோது, திண்டிவனம் அதிமுகவின் அர்ஜுனனிடம் போய்ச் சேர்ந்தது. ஊர் ஒரு பக்கம் போனால் இவர்கள் மறுபக்கம்.

விக்கிரவாண்டியைப் பேசாமல் முடிக்க முடியாது. டோல்கேட்டால் ஊருலகத்துக்கெல்லாம் தெரிந்த அந்தத் தொகுதி 2011இல் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் 2016இல் திமுகவுக்கும் போனது. 2019 அக்டோபரில் அங்கே இடைத்தேர்தல். ஆறு மாதத்துக்கு முன்புதான் மக்களவைத் தேர்தலில் மாநிலம் திமுக அணிக்கு 38 இடங்களை அள்ளிக் கொடுத்திருந்தது. இடைத்தேர்தலில் வென்றதோ, அப்போது ஆட்சியில் இருந்த அதிமுக. வித்தியாசம் 44 ஆயிரத்துக்கும் மேல். 2021இல் திமுகவின் புகழேந்தி அந்த இடத்தைத் திருப்பி எடுத்தார், பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். 2024 ஏப்ரலில், பிரசாரம் சூடாக இருந்த நேரத்தில், அவர் காலமானார். ஜூலை 10ஆம் தேதி மறுபடி இடைத்தேர்தல். ஏப்ரலில் வைத்த மை அழியாமல் இருந்ததால் இந்த முறை நடுவிரலில் மை வைத்தார்கள்.

அந்த இரண்டு மைக்கும் நடுவே நடந்ததைப் பாருங்கள். ஏப்ரலில் விக்கிரவாண்டிப் பகுதியில் மட்டும் திமுக அணிக்கு 72 ஆயிரம் போல, அதிமுகவுக்கு 65 ஆயிரம் போல, பாமகவுக்கு 32 ஆயிரம் போல ஓட்டுகள். ஜூலையில் அதிமுக தேர்தலைப் புறக்கணித்தது. ஆனால் அந்த 65 ஆயிரம் பேர் வீட்டில் உட்காரவில்லை. வாக்குப்பதிவு 82 சதவீதத்தைத் தாண்டியது. திமுகவின் அன்னியூர் சிவா 1,24,053 ஓட்டு வாங்கினார், பாமக 56,296. இரட்டை இலைக்குப் போட்டவர்களில் பெரும்பங்கு எதிரணிச் சூரியனுக்கே போய்விட்டது என்றுதான் கணக்கு காட்டுகிறது. இடைத்தேர்தல் என்றால் அமைச்சர்கள் ஊரிலேயே முகாமிடுவார்கள், ஆட்சியில் இருப்பவருக்குப் போட்டால்தான் வேலை நடக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். சாதிக் கணக்கும் உண்டு. பாமகவுக்குப் போட மனமில்லாதவர்கள் இந்தத் தொகுதியில் கணிசம். எது எப்படியோ, 2019இல் ஆளுங்கட்சியான அதிமுகவை ஜெயிக்க வைத்த அதே ஊர்கள்தான், 2024இல் ஆளுங்கட்சியான திமுகவை ஜெயிக்க வைத்தன. விக்கிரவாண்டியில் ஆதிக்கம் செலுத்தியது கட்சியா, நாற்காலியா என்று கேட்டால் நான் நாற்காலி என்பேன்.

இதெல்லாம் நமக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2014இல் டெல்லி மாநகரம் ஏழு மக்களவை இடங்களையும் பாஜகவுக்குக் கொடுத்துவிட்டு, 2015 பிப்ரவரியில் சட்டமன்றத்தின் 70இல் 67ஐ ஆம் ஆத்மிக்குக் கொடுத்தது.

இப்போது ஒரே நாடு, ஒரே தேர்தல் என்று, இரண்டு தேர்தலையும் சேர்த்தே நடத்தலாம் என்கிறார்கள். அதற்கான அரசமைப்புத் திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவைக்கு வந்து, கூட்டுக் குழுவுக்குப் போனது. செலவு மிச்சம், நிர்வாகம் தடைபடாது என்ற வாதங்களைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டு அனுபவத்தை எடுத்துப் பாருங்கள். 1971, 1984, 1991, 1996 ஆகிய ஆண்டுகளில் இரண்டு தேர்தலும் சேர்ந்தே நடந்தன. நான்கு முறையும் கோட்டையைப் பிடித்த அணியே மக்களவைத் தொகுதிகளையும் அள்ளியது. சில மாதங்கள் தள்ளி நடந்த 1980இலும் 1989இலும் முடிவு தலைகீழ். 

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தர்மபுரியில் ஒரே நாளில் இரண்டு பொத்தானை அழுத்தியவர்கள், எம்பிக்குத் திமுகவையும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அதிமுகவையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நாளில் இரண்டு மனம் வைக்க நம்மவர்களுக்குத் தெரியும். ஆனால் கட்சிகள் இரண்டு கூட்டணி வைக்குமா? 1989இன் ஜனவரியில் தனித்தனியாக நின்ற காங்கிரசும் அதிமுகவும் நவம்பரில் சேர முடிந்ததற்குக் காரணம், நடுவே பத்து மாதங்கள் இருந்ததுதான். ஒரே நாளில் இரண்டு தேர்தல் என்றால் தைலாபுரத்திலும் சென்னையிலும் ஒரே ஒரு பேச்சுவார்த்தைதான் நடக்கும். திண்டிவனத்துக்காரரின் கையில் இரண்டு ஓட்டு இருக்கும். அவர் முன்னால் இருப்பது ஒரே கூட்டணிப் பட்டியலாக இருக்கும்.