சாலையும் ஒரு பாடமே

காவிரிப் பாசனப் பகுதியில் பல சாலைகள் ஆற்றங்கரையையோ வாய்க்கால் கரையையோ ஒட்டியே செல்கின்றன. ஆறு வளைந்தால் சாலையும் வளையும். பாலம் குறுகினால் சாலையும் குறுகும். நடையும் மாட்டு வண்டியுமாக இருந்த காலத்தில் இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இன்றோ, கல்லணையிலிருந்து பூம்புகார் நோக்கிச் செல்லும் சாலையில் பேருந்தும், நெல் மூட்டை ஏற்றிய லாரியும், வைக்கோல் சுமந்த டிராக்டரும், பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளும் ஒன்றையொன்று உரசாத குறையாகப் போகின்றன. சம்பா அறுவடைக் காலத்தில் ஊர்ச் சாலைகளில் பாதி, நெல் காயும் களமாகவே மாறிவிடுகிறது.

இத்தகைய சாலையில் வண்டி ஓட்டும் வித்தையை நம் பிள்ளைகள் யாரிடம் கற்கிறார்கள்? அண்ணனிடமும் மாமனிடமும், வயலோரத்து மண் பாதையில் கற்கிறார்கள். கிளட்சைப் பிடிப்பதும் கியரை மாற்றுவதும் ஒரு மாலைப் பொழுதிலேயே கைவந்துவிடுகின்றன. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, சற்றுத் தொலைவிலுள்ள புளிய மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல் நடந்து வரும் மாணவர்களைக் கண்டதுண்டு. தந்தையை அழைத்துக் கேட்டால், “பையன் நன்றாகவே ஓட்டுவான், ஐயா” என்று பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமைக்கு விலை உண்டு. என் பணிக்காலத்தில் வருகைப் பதிவேட்டில் இரண்டு பெயர்களை இக்காரணத்தால் நான் அடிக்க நேர்ந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை ஓட்ட 16 வயதும், மற்ற மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்ட 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ பொறுப்பாளியாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆயினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு 460 பேருக்கும் அதிகம். சட்டம் தண்டிக்கும், கற்பிக்க வேண்டியது பள்ளிக்கூடம் அல்லவா?

அப்படியானால் பள்ளியிலேயே மோட்டார் ஓட்டக் கற்றுக் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பர். அமெரிக்க நாட்டில் 1930களிலேயே அதைத் தொடங்கினார்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பேராசிரியர் நைஹார்ட் தொடங்கிய வகுப்பு, பின்னர் நாடெங்கும் பரவியது. ஆனால் 1976இல் கனெக்டிகட் மாநிலம் இவ்வகுப்புகளுக்கு அளித்துவந்த பணத்தை நிறுத்தியபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. வகுப்பைக் கைவிட்ட ஊர்களில், 16, 17 வயதில் உரிமம் பெறுவோர் தொகை குறைந்தது; அவ்வயதினரின் விபத்துகளும் குறைந்தன. கைத்திறனைச் சீக்கிரம் கொடுத்தது, பிள்ளைகளைச் சீக்கிரம் சாலைக்கு அனுப்பியதாகவே முடிந்தது. இதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே நான் கேட்பது ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் பயிற்சியன்று. சாலையைப் படிக்கும் அறிவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட கண்ணுக்கும் பிரேக்கை மிதிக்கும் காலுக்கும் இடையே ஒரு விநாடி கழிந்தால், அந்த 11 மீட்டரும் போயிற்று. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இயக்க விதிகளைப் பத்தாம் வகுப்பு மாணவன் மனப்பாடமாகச் சொல்கிறான். ஆற்றங்கரை வளைவில் அது தன் உயிரைப் பற்றிய கணக்கு என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை. காயும் நெல்லின்மேல் சக்கரம் ஏன் வழுக்குகிறது, பின்விளக்கில்லாத டிரெய்லர் அந்தியில் ஏன் கண்ணுக்குப் படுவதில்லை, தலைக்கவசம் எதைக் காக்கிறது என்பனவெல்லாம் வகுப்பறையிலேயே விளக்கத்தக்கவை.

பாடச் சுமை ஏற்கெனவே மிகுதி என்பர் ஆசிரிய நண்பர்கள். உண்மைதான். ஆனால் இதற்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். கணக்கை அறிவியல் ஆசிரியரும், சட்டத்தைச் சமூக அறிவியல் ஆசிரியரும், மைதானப் பயிற்சியை உடற்கல்வி ஆசிரியரும் பகிர்ந்து கொள்ளலாம். ஆண்டுக்கொரு முறை மோட்டார் வாகன ஆய்வாளரை அழைத்துப் பேசச் செய்யலாம். தத்தம் ஊரின் அபாய வளைவுகளையும் குறுகிய பாலங்களையும் மாணவர்களே படமாக வரைந்து ஊராட்சிக்கு அளிக்கலாம்.

மேல்நிலை முதலாண்டு மாணவர்க்கு நம் அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. தொலைவிலுள்ள சிற்றூர்ப் பெண்ணையும் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் நற்பணி அது. மாணவர் முதன்முதலில் தமக்கென ஒரு வண்டியைப் பெறும் அந்த ஆண்டே இப்பாடத்தைத் தொடங்கத் தக்க காலம். இன்னும் ஓரிரு ஆண்டில் அவர்கள் மோட்டார் வண்டி உரிமம் கேட்கும் வயதை எட்டுவர். அதன்பின் அவர்கள் அனைவரையும் ஒருங்கே அமர்த்திச் சொல்ல நமக்கு வேறு இடம் வாய்க்காது. சைக்கிளோடு இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கல்வித் துறையாரையும், 18 வயது நிரம்பும்வரை சாவியைக் கொடாதீர்கள் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.